சித்தப்பா கடை கேமராவும் குவாலிட்டி ஸ்லைடரும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு எழுத வைத்தது நிஜமான ஆணி விற்கிற எங்க சித்தப்பா.

திண்டுக்கல்லில் அவருக்கு ஹார்டுவேர் கடை. பெயின்ட், பைப், மோட்டார், வயர் இத்யாதி. போன வருஷம் கடைக்கு நாலு கேமரா மாட்டினார்கள். மாட்ட வந்த பையன் கிளம்பினதும் சித்தப்பா என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "ஏப்பா, எத்தன நாளு இதுல நிக்கும்?" பொட்டி தட்டுறவனுக்குத் தெரியாததா என்று கெத்தாக மெனுவுக்குள் போனேன். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், ஒரு கேமராவுக்கு 4096 கேபிபிஎஸ். கணக்குப் போட்டால் ஆறு நாள்கூட வரலை. சித்தப்பா முகம் சுருங்கிப் போச்சு. "பக்கத்துக் கடையில ஒரு மாசம் நிக்குதாம்ல?"

விடுவோமா! 4096ஐ 768 ஆக்கினேன். முப்பது நாள் வந்துடுச்சு. டிவியில் படம் அப்படியே பளிச்னு இருந்த மாதிரிதான் தெரிந்தது. சித்தப்பா சந்தோஷமா டீயும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தார்.

நாலு மாசம் கழித்து ஒரு ராத்திரி ஷட்டர் பூட்டை உடைத்து ரெண்டு மோட்டார், ஏழெட்டுச் சுருள் காப்பர் வயர் போயிடுச்சு. பைக்கில் வந்தவர்கள் ரெண்டு பேர். எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமா வெட்டி வெச்ச மைசூர்பாகு. நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பின்னாடி இருந்த சுவரில் "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்" மட்டும் அட்சரம் பிசகாமல் படிக்க முடிகிறது! "படத்துலயெல்லாம் பெருசு பண்ணிப் பாக்குறாங்களேப்பா?" என்றார் சித்தப்பா. நான் பதில் சொல்லலை. அந்தப் படத்தைக் கெடுத்தது நான்தான் என்று அவருக்கு அப்போ தெரியாது.

சரி, அந்த மைசூர்பாகு எங்கிருந்து வந்தது, படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிற இந்த நம்பரைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் யார் என்று கொஞ்ச நாளா நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது. கொசுவத்தியைக் கொஞ்சம் பெரிசாகவே சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க மக்களே.

கண்காணிப்புக் கேமரா என்று தேடினால் எல்லோரும் முதலில் காட்டுவது 1942. ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட் கிளம்புவதைத் தள்ளியிருந்து பார்க்க வால்டர் புருக் என்ற இன்ஜினியர் கேமரா வைத்தார். (பின்னாளில் பால் கலர் டிவி முறையைக் கண்டுபிடித்தவரும் இவரே.) ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும்தான், எதையும் சேமிக்கலை. சேமிக்காதவரைக்கும் படத்தின் தரத்தைப் பற்றிப் பெரிய பஞ்சாயத்து கிடையாது. நேற்றைய படம் வேணும்னு ஒருத்தர் கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்குது.

வீடியோ டேப் காலத்தில் ஸ்லைடர் கிடையாது. ஆனா அதே வேலையைச் செய்ய ஒரு திருகு இருந்தது: மணி நேரம். மூணு மணி நேர விஎச்எஸ் டேப்பை 24 மணி நேரத்துக்கு இழுக்கும் டைம்லாப்ஸ் ரெக்கார்டர்கள் கடைகளில், வங்கிகளில் ஓடின. நம்ம ஊர் பால் முறையில் வினாடிக்கு 50 அரைப் படம். எட்டு மடங்கு இழுத்தால் வினாடிக்கு ஆறே கால். பதினாறு கேமராவை ஒரு மல்ட்டிப்ளெக்சர் வழியா அதே டேப்பில் அடைத்தால், ஒவ்வொரு கேமராவுக்கும் ரெண்டரை வினாடிக்கு ஒரு படம்தான் கிடைக்கும். ரெண்டரை வினாடியில் கல்லாப்பெட்டியைத் திறந்து, அள்ளி, மூடிவிடலாம். அதுவும் அந்த டேப்பையே தினம் தினம் அழித்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். தேய்ந்த டேப்பில் ஆள் யாரு, நிழல் எதுன்னே தெரியாது.

அந்தக் காலத்துப் படம் ஒன்று உலகம் முழுக்கப் போச்சு. 1993 பிப்ரவரி 12. இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்தில் பூட்டில் என்ற ஊர், ஸ்ட்ராண்ட் என்ற வணிக வளாகம். ரெண்டு வயசுக் குழந்தை ஜேம்ஸ் பல்ஜரை ரெண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது கேமராவில் பதிந்தது. குழந்தை பிறகு பிணமாகக் கிடைத்தது. படம் அவ்வளவு மங்கல் என்பதால், கூட்டிப் போனவர்கள் பதின்வயதுப் பையன்கள் என்றுதான் போலீசும் பத்திரிகையும் முதலில் நினைத்தன. பிடித்தபோது ரெண்டு பேருக்குமே வயசு பத்து. விசாரித்த அதிகாரிகளே ஆடிப்போனார்கள்.

ஆனால் அதே மங்கல் படத்தை டிவியில் பார்த்த ஒரு பெண், அதில் ஒருத்தனை அடையாளம் கண்டு போலீசுக்குச் சொன்னார். அவருக்கு அந்தப் பையனை முன்னாடியே தெரியும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. தெரிந்தவரைக் கண்டுகொள்ள மங்கல் படம் போதும், நடையே காட்டிக் கொடுத்துடும். தெரியாத ஆளின் வயசைக்கூட அதே படத்தால் சொல்ல முடியலை. சித்தப்பா கடைக்கு வந்தது எங்க சொந்தக்காரப் பயலாக இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்!

இந்த வித்தியாசத்தைப் பிரிட்டிஷ் உள்துறை ஏற்கெனவே நம்பராக மாற்றி வைத்திருந்தது. அவர்களுடைய போலீஸ் அறிவியல் பிரிவு 1980களின் கடைசியில் ரோட்டாகின் என்று ஒரு பொம்மையைச் செய்தது. 1.6 மீட்டர் உயரம், ஆள் மாதிரி ஓர் உருவம். அதைக் கேமரா முன்னாடி நிறுத்தித் திரையில் எவ்வளவு உயரம் வருதுன்னு அளப்பார்கள். திரையில் பத்து சதவீதம் இருந்தால் யாரோ இருக்கிறார் என்று தெரியும். பாதித் திரை நின்றால், தெரிந்த ஆளைத் தெரியும். முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காட்ட 120 சதவீதம், அதாவது காலும் தலையும் திரைக்கு வெளியே போகிற அளவு நெருக்கம் வேணும். 2014இல் வந்த சர்வதேசத் தரநிலை இதையே பிக்சலில் சொன்னது: தெரிந்தவருக்கு மீட்டருக்கு 125 பிக்சல், தெரியாதவருக்கு 250.

எங்க கடை வாசல் கேமரா 1920 பிக்சல் அகலம், எட்டு மீட்டர் வாசலைப் பார்க்கிறது. மீட்டருக்கு 240. கிட்டத்தட்ட பாஸ் மார்க்! அப்படியும் ஏன் மைசூர்பாகு? ஏன்னா பிக்சல் என்பது பாத்திரத்தின் அளவுதான். உள்ளே எவ்வளவு சரக்கு ஊற்றுகிறோம் என்பது வேற கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு பெங்களூர்க்காரர்.

நசீர் அகமது, 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே இன்ஜினியரிங் முடித்து அமெரிக்கா போய், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒரு படத்தைக் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதினால் நன்றாகச் சுருக்கலாம் என்று 1972இல் அவருக்குத் தோன்றியது. தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கொடுக்கலை. மதிப்பிட்டவர்களில் ஒருத்தருக்கு அந்த யோசனை ரொம்ப எளிமையாகப் பட்டதாம். அகமதே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். காசு வரலைன்னு மனுஷன் விட்டாரா? 1973 கோடை விடுமுறையில் நிதி இல்லாமலே உட்கார்ந்து வேலையை முடித்தார். கூட இருந்தவர்கள் அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ். ராவ் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1952இல் பட்டம் வாங்கியவர். மூணு பேர் பேரிலும் 1974 ஜனவரியில் கட்டுரை வந்தது. சில பக்கங்கள்தான். ஜேபெக், எம்பெக் எல்லாம் அதன் மேல்தான் நிற்குது. நாம் சிக்னல் பிராசசிங் பேப்பரை எப்படியோ தேத்திப் பாஸ் செய்தோமே, அதில் "டிசிடி" என்று ஒன்று வருமே, அதேதான்.

வித்தை இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் 64 புள்ளி. அந்த 64 புள்ளியை வேறு 64 நம்பராக மாற்று. முதல் நம்பர் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை பெரிய ஏற்ற இறக்கங்கள். கடைசியில் இருப்பவை நுணுக்கமான கோடு, ஓரம், முடி, எழுத்து. இதுவரைக்கும் எதுவும் தொலையலை, கணக்கைத் திருப்பிப் போட்டால் பழைய படம் வந்துடும். தொலைப்பது அடுத்த படி. 64 நம்பரையும் ஓர் அட்டவணையில் இருக்கும் 64 நம்பரால் வகுத்து முழு எண்ணாக்கு. சராசரியை 16ஆல் வகுக்கணும். நுணுக்கங்களை 99, 103, 121 என்று பெரிய பெரிய நம்பரால் வகுக்கணும். வகுத்ததும் அதில் பெரும்பாலானவை பூஜ்யம் ஆகிடும். பூஜ்யத்தைச் சேமிக்க இடமே வேண்டாம், படம் சுருங்கிடுச்சு!

அந்த 16, 99, 121 யார் வைத்தது? 1992இல் வந்த ஜேபெக் தரநிலையின் பின்னிணைப்பில் இருக்கிற அட்டவணை அது. மனுசக் கண்ணை வைத்துச் சோதித்து எடுத்தவை. எந்த நுணுக்கம் போனால் கண்ணுக்கு உறுத்தாதோ, அதைப் பெரிய நம்பரால் வகு என்பதுதான் அடிப்படை. தரநிலையே இதை எடுத்துக்காட்டு என்றுதான் சொல்லுது, கட்டாயம் இல்லை.

நான் ராத்திரி ஒரு மணிக்கு இதைப் படித்துக்கொண்டிருந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். கல்யாண போட்டோவுக்கு இது அற்புதமான யோசனை. பார்க்கிறவருக்கு உறுத்தாத எதையும் தூக்கி எறி! ஆனால் கண்காணிப்புக் கேமராவில் நமக்கு வேண்டியதே அந்த உறுத்தாத சின்னச் சமாச்சாரம்தானே? நம்பர் பிளேட்டில் 8க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. இந்த முறை அதைத்தான் முதலில் எறியும். அன்னிக்கு நான் 768 வைத்தபோது டிவியில் படம் "பளிச்னு" தெரிந்ததும் அதனால்தான். தெரியாத மாதிரி கெடுப்பதுதான் அதன் வேலை. அதை அது கச்சிதமாகச் செய்தது.

இந்த வகுக்கிற அட்டவணையை ஒரே ஒரு நம்பராக மாற்றி நம்ம கையில் கொடுத்தது இன்டிபென்டன்ட் ஜேபெக் குரூப் என்கிற தன்னார்வலர் கூட்டம். 1991இல் அவர்கள் இலவச மென்பொருளை வெளியிட்டார்கள். ஒருங்கிணைத்தவர் டாம் லேன். டேட்டாபேஸ் ஆசாமிகளுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கும், பிற்பாடு போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தூணா நின்ற அதே டாம் லேன்! அதில்தான் 0 முதல் 100 வரை தரம் என்ற அளவுகோல். 50 வைத்தால் அந்த எடுத்துக்காட்டு அட்டவணை அப்படியே. 75 வைத்தால் எல்லா நம்பரும் பாதி. 100 வைத்தால் எல்லாமே 1. இது சதவீதம் கிடையாது, 75 என்றால் படத்தில் 75 சதவீதம் மிச்சம் என்று அர்த்தம் இல்லை என்று டாம் லேனே அப்போதே எழுதி வைத்தார். யார் கேட்டா? மற்ற மென்பொருள்காரர்கள் ஆளுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். ஆக்சிஸ் கேமராக்களில் இதைத் "தரம்" என்று போடாமல் "சுருக்கம்" என்று போட்டிருப்பார்கள். அங்கே நம்பர் ஏற ஏறப் படம் மோசமாகும். ஒரு ஊரில் நூறு மார்க், இன்னொரு ஊரில் அதே நூறு ஃபெயில்.

அந்த ஆக்சிஸ்தான் 1996இல் நெட்வொர்க்கில் நேராகச் செருகுகிற முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சின்னப் படம் என்றால் வினாடிக்கு ஒன்று. பெரிய படம் என்றால் 17 வினாடிக்கு ஒன்று. சிரிக்காதீங்க, அதுக்கும் ஆள் இருந்தது. அதற்கும் அஞ்சு வருஷம் முன்னாடி, 1991இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் காபி பானையை நோக்கிக் கேமரா வைத்தார்களே, அந்தப் படம் 128க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூணு தடவை மாறும். ட்ரோஜன் ரூம் காபி பானை என்று பேர். 1993 நவம்பரில் வலையில் ஏறி, 2001 ஆகஸ்ட் 22 வரைக்கும் ஓடுச்சு. அவ்வளவு கேவலமான படத்தை வைத்து ஒரு குறையும் வரலை. ஏன்னா அங்கே கேள்வி ஒண்ணே ஒண்ணு: காபி இருக்கா, இல்லையா? கேள்வி என்னன்னு தெரிந்த பிறகு தரத்தை முடிவு செய்தார்கள். சித்தப்பா கடையில் தரத்தை முதலில் நான் முடிவு செய்தேன், கேள்வி நாலு மாசம் கழித்து வந்தது.

இப்ப நம்ம டிவிஆரில் ஓடுவது ஜேபெக் இல்லை, 2003இல் வந்த ஹெச்.264 அல்லது அதன் தம்பி. அடிப்படை அதே வகுத்தல்தான், ஆனால் கூடுதலா ஒரு சாமர்த்தியம் உண்டு. போன படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதும். சுவர் மாறாது, அதனால் கிட்டத்தட்ட இலவசம். அசைகிற ஆளுக்குத்தான் செலவு. பிட்ரேட்டை நான் 768இல் கட்டிப் போட்டுவிட்டதால், ஆள் ஓடும்போது பட்ஜெட் பத்தாமல் வகுக்கிற நம்பரை ஏற்றிக்கொள்ளும். அதில் 0 முதல் 51 வரை ஓர் அளவுகோல், ஆறு படி ஏறினால் வகுக்கிற நம்பர் ரெண்டு மடங்கு. அப்புறம் ராத்திரி வேற. வெளிச்சம் இல்லாதபோது கேமரா சிக்னலை ஊதிப் பெருக்கும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியா இரைச்சல். அந்தப் புள்ளி ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். பாவம், அதையும் "ஏதோ அசையுது" என்று நினைத்து இருக்கிற கொஞ்ச பிட்டையும் அதற்கே செலவழிக்கும். நோட்டீஸ் ஒட்டாதீர் துல்லியமா நின்றதும், திருடன் கூழானதும் இதனால்தான்.

நிற்க. இதில் மோட்டாரும் வயரும் போனது பெரிய விஷயம் இல்லை. தரம் பெருக்கல் நாள், இதுதான் டிஸ்க். தரத்தைத் திருகினால் நாள் மாறும், நாளைத் திருகினால் தரம் மாறும். அந்த நாள் என்கிற திருகைத் திருகினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. 2020 ஜூன் 19, சாத்தான்குளம் காவல் நிலையம். ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். ஜூன் 22, 23இல் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு விவரம் உண்டு. நிலையத்தின் கேமராப் பதிவுக்கு ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனாலும் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதிப் பதிவு இல்லை.

1 டெராபைட். சித்தப்பா கடையில் இருக்கிற அதே அளவு டிஸ்க். அந்த மெனு எனக்குத் தெரியும், எத்தனை தடவை உள்ளே போயிருக்கேன். "பழையதை அழிக்கவும்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் எத்தனை நாள் என்று ஒரு நம்பர். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து அதை அடிக்கணும். தானாக வராது.

அந்த வருஷமே டிசம்பர் 2இல் உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேணும், ராத்திரியிலும் தெரியணும், ஒலியும் பதியணும், பதிவைப் பதினெட்டு மாசம் வைத்திருக்கணும் என்று உத்தரவு போட்டது. அவ்வளவு தாங்குகிற சாதனம் சந்தையில் கிடைக்கலைன்னா ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. மங்கலான டேப்பில் ஆரம்பித்த சமாச்சாரத்துக்கு நாள் கணக்கைக் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது.

சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கொண்டேன். "நான்தான் சித்தப்பா நம்பரைக் குறைச்சேன்." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஒரு மாசம் வேணும்னு கேட்டது நான்தானப்பா" என்றார். மோட்டார் கிடைக்கலை.

இப்ப 4 டெராபைட் டிஸ்க். வாசல் பக்கம் ரெண்டு கேமராவுக்கு மறுபடி 4096, உள்ளே இருக்கிற ரெண்டுக்கும் 1024. ஒரு மாசத்துக்கு மேலேயே நிக்குது. வாசல் கேமராவில் ஒன்றை ஷட்டர் பூட்டுக்கு நேராக நெருக்கி வைத்தாச்சு, மூணு மீட்டர்தான் தெரியும், ஆனால் மீட்டருக்கு 640 பிக்சல். எல்லாத்தையும்விட உபயோகமா இருந்தது வாசலில் விடிய விடிய எரிகிற ஒரு டியூப் லைட். டியூப் லைட் வந்ததும் இரைச்சல் பாதி போச்சு.

சித்தப்பாவுக்கு இதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. வாரம் ஒரு ராத்திரி தன்னோட டிவிஎஸ் 50இல் கடை வாசலைக் கடந்து போவார். மறுநாள் காலையில் எனக்கு போன். "நம்பர் தெரியுதா, படிச்சுச் சொல்லு." போன வாரம் கடைசி ரெண்டு எண் தெரியலை, ஹெட்லைட் அடிச்சிருச்சு. ஷட்டர் வேகத்தை ஏத்தணும் சித்தப்பா, நான் மாத்துறேன் என்றேன்.

"இரு, இரு, இப்ப மாத்தாத. இன்னிக்கு ராத்திரி லைட்ட அணைச்சிட்டு வர்றேன், தெரியுதான்னு மொதல்ல பாரு."